பஸ் அக்கா பஸ்ஸை நிறுத்தியபோது

அந்தக் காப்பீட்டு நிறுவனத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் எல்லோரும் ஓய்வு பெற்றுப் போய்விட்டார்கள். இப்போது இருப்பவர்களுக்கு அவள் பஸ் அக்கா. புதிதாகச் சேர்கிறவர்கள், அக்கா கம்பெனி வண்டிகளைப் பார்த்துக்கொள்கிறவள் போலிருக்கிறது என்று நினைத்து, தங்கள் தெருப் பக்கம் பஸ் வருமா என்று விசாரித்ததும் உண்டு. "வராது" என்பாள், முகம் மாறாமல். விளக்க உட்கார்ந்தால் அரை நாள் போய்விடும், கேட்கிறவனுக்கும் அவ்வளவு பொறுமை இருக்காது.

நமக்கு அரை நாள் வேண்டாம். பெரிய நிறுவனம் என்றால் உள்ளே ஏகப்பட்ட கணினி நிரல்கள் ஓடும். ஒன்று பாலிசி எழுதும், ஒன்று தவணை வாங்கும், ஒன்று மருத்துவமனைச் செலவைச் சரிபார்க்கும். ஒரு காலத்தில் இவை எல்லாம் ஒன்றோடொன்று சிக்கிக் கிடந்தன. தவணை நிரலில் கை வைத்தால் மருத்துவமனை நிரல் படுத்துவிடும். இவளும் இவளுடைய ஆட்களும்தான் அந்தச் சிக்கலைப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு சேவையாக நிற்க வைத்தார்கள். உன் வேலை இது, இப்படிக் கேட்டால் இப்படிப் பதில் சொல், கேட்பவன் யார் எவன் என்று ஆராயாதே. பிறகு எல்லாச் சேவைகளும் பேசிக்கொள்ள நடுவில் ஒரு பொதுப் பாதை போட்டார்கள். அந்தப் பாதைக்குத்தான் அவர்கள் தொழிலில் பஸ் என்று பெயர். போட்டது பலர். கடைசிவரை கட்டிக்காத்தது இவள் ஒருத்தி.

வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் நாளே ஒரு விதி சொல்லிக்கொடுப்பாள். சேவை என்றால் கேட்டால் பதில் சொல்லும், கேட்காமல் வாயைத் திறக்காது. சொல்லிச் சொல்லி அவளே அப்படி ஆகிவிட்டாள். கணவன் போன பிறகு துக்கம் விசாரிக்க வந்தவர்கள் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். அவர்கள் வருவது நின்றதும் பேசுவது நின்றது. மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு, சாப்பாட்டு மேசைக்கு இரண்டு நாற்காலி, ஒன்றில் துவைத்த துணி. துணி மடிக்கப்பட்டு அலமாரிக்குப் போவதற்குள் அடுத்த துணி வந்து உட்கார்ந்துவிடும். ஆக, அந்த நாற்காலி காலியாக இருந்து யாரும் பார்த்ததில்லை. பார்க்கத்தான் யாரும் வருவதில்லையே.

மகன் ஒருவன் இருக்கிறான். வேறு தேசத்தில், இணையம் வழியே கணினிகளை வாடகைக்கு விடும் ஒரு பெரிய மேகக் கணினி, அதாவது கிளவுட், நிறுவனத்தில் வேலை. அவனோடு அவள் பேசி இரண்டு வருஷம் ஆகிறது.

சண்டை எதற்கென்று கேட்டால் ஊர் சிரிக்கும். சொத்துக்கு இல்லை, மருமகளுக்கு இல்லை, பஸ்ஸுக்கு. அவன் ஏதோ மாநாட்டில் பேசியிருந்தான். இனி எந்த நிறுவனமும் சொந்தமாகக் கணினி வாங்கி அடுக்க வேண்டாம், மேகத்தில் வாடகைக்கு எடுத்தால் போதும், சேவைகளைச் சின்னச் சின்னதாக நறுக்கி நேருக்கு நேர் பேச விடுங்கள் என்பது பேச்சு. வீடியோவை அவள் பெருமையாக, காபியோடு உட்கார்ந்து பார்த்தாள். பாதியில் அவன், "இப்படிச் செய்யக் கூடாது" என்று சொல்லித் திரையில் ஒரு படம் போட்டான். நடுவில் ஒரு நீளப் பெட்டி, சுற்றிலும் குட்டிப் பெட்டிகள், பேனாவால் போட்ட அம்புக்குறிகள். அவள் தன் பஸ்ஸுக்குக் கையால் வரைந்த படம். கூட்டம் சிரித்தது.

உடனே போன் போட்டாள். அந்தப் பஸ் ஓடித்தான் நீ படித்தாய் என்றாள். யார் பெயரும் சொல்லவில்லையே அம்மா, சொன்னதில் தப்பும் இல்லையே என்றான் அவன். தப்பு இல்லை என்பதுதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. "இனிமே எனக்குக் கூப்பிடாத" என்று வைத்துவிட்டாள். சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளை என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவள் அவள்தான். அவன் கேட்டுக்கொண்டான். கூப்பிடவே இல்லை.

அன்றிலிருந்துதான் மேகச் செய்தி படிக்கும் பழக்கம் வந்தது. பல் தேய்ப்பதற்கு முன்பே கணினியைத் திறந்துவிடுவாள். வெளியே சொல்லிக்கொண்ட காரணம், மகனை வாதத்தில் மடக்க வேண்டும். அதற்குத் தீனி நிறையவே கிடைத்தது. சின்னச் சேவைகள் ஒன்றையொன்று நேரே கூப்பிட்டுக் குழம்புகின்றன, எனவே நடுவில் ஒரு வாசல் வைக்கிறோம் என்று ஒருவர் புதிதாகக் கண்டுபிடித்திருப்பார். "இத நாங்க அப்பவே வச்சோம்" என்று திரையைப் பார்த்துச் சொல்வாள். எப்படிக் கேட்டால் எப்படிப் பதில் என்று சேவைகளுக்கு ஒப்பந்தம் எழுதுவது அவசியம் என்று இன்னொருவர் கட்டுரை எழுதுவார். "அப்பவே எழுதியாச்சு." மேகம் என்று இவர்கள் தலையில் தூக்கி வைத்து ஆடுகிற பாதி விஷயம், பழைய சேவைக் கட்டமைப்பு புதுச் சட்டை போட்டு வந்திருப்பதுதான் என்று அவள் நிரூபித்துவிட்டாள். நிரூபித்ததை எடுத்துச் சொல்லத்தான் எதிரில் ஆள் இல்லை. நாற்காலியில் துணி இருந்தது.

சொல்லிக்கொள்ளாத காரணம் வேறு. மகனுடைய நிறுவனம், தன் சேவைகளில் எது ஓடுகிறது எது விழுந்தது என்று காட்டும் ஒரு பொதுப் பக்கம் வைத்திருந்தது. விழுந்ததைத் தூக்கி நிறுத்தும் குழுவில்தான் அவனுக்கு வேலை. பக்கத்தில் பச்சை என்றால் பிள்ளை தூங்கியிருப்பான். சிவப்பு என்றால் சாப்பிட்டிருக்கக்கூட மாட்டான். சிவப்பு வரும்போது கீழே சிறு அறிவிப்பு வரும்: கோளாறு தெரியவந்தது, பார்த்துக்கொண்டிருக்கிறோம். அந்தப் "பார்த்துக்கொண்டிருக்கிறோம்" அவன் எழுதியதேதான் என்று அவளுக்குச் சந்தேகமே இல்லை. வீட்டுப்பாடம் முடித்தாயா என்று கேட்டால் சின்ன வயதில் அவன் சொல்கிற பதில் அதுதானே. கோளாறு நீளும் நாட்களில் அவளுக்கும் சாப்பாடு இறங்காது. சரிசெய்யப்பட்டது என்ற வரி வந்த பிறகுதான் அடுப்படிப் பக்கம் போவாள்.

இந்த நிலையில்தான் அவளுடைய நிறுவனமும் மேகத்துக்குப் போவதென்று முடிவெடுத்தது. அதற்கென்று வந்த குழுவின் தலைவி சுறுசுறுப்பான பெண். அவளுக்கு அலுவலகம் வைத்த பெயர் மேகம். பஸ்ஸை மேகம் விழுங்கப் போகிறது என்று சாப்பாட்டு அறையில் ஜோக் அடித்தார்கள். பஸ் அக்கா சேர்ந்து சிரித்தாள். வீட்டுக்குப் போய்த்தான் அழுதாள். மகன் சொன்னது நடந்தேவிட்டது என்பதற்கா, அதைச் சொல்லிக் காட்டக்கூட அவன் கூப்பிடவில்லை என்பதற்கா என்று அவளுக்கே தெரியவில்லை.

ஆனால் வேலையில் குறை வைக்கவில்லை. பஸ்ஸை நிறுத்த வேண்டுமானால், அதைக் கூப்பிடுகிற ஒவ்வொருவரையும் கண்டுபிடித்துப் புது முகவரிக்கு மாற்றிவிட வேண்டும். மருத்துவமனைகள், வங்கிகள், முகவர்கள் என்று ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்து, போன் பண்ணி, கெஞ்சி, அதட்டி மாற்றினாள். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிற மாதிரி ஒவ்வொன்றாக வழியனுப்பினாள். கடைசியில் ஒரே ஓர் ஆள் மிஞ்சினான்.

அவன் கூப்பிட்டது பாலிசியையோ தவணையையோ அல்ல. 'நலம்' என்று ஒரு குட்டிச் சேவை இருந்தது. பஸ் ஓடுகிறதா என்று வெளியாட்கள் தெரிந்துகொள்வதற்காக ஆரம்ப காலத்தில் அவள் எழுதியது. கேட்டால், "நலம். இன்று பணியில்" என்று சொல்லி, அன்றைக்குப் பொறுப்பில் இருப்பவரின் பெயரைச் சேர்த்துச் சொல்லும். கோளாறு என்றால் யாரைக் கேட்பது என்று மருத்துவமனைக்காரர்கள் தவித்ததால் வைத்த வரி அது. காலையில் வந்து உட்கார்ந்ததும் அவள் தன் பெயரைத் தட்டுவாள். அநேகமாக எல்லா நாளும் அவள் பெயர்தான். தினமும் காலையில், யாரோ ஒருவர் அந்தச் சேவையை மட்டும் ஒரு முறை கேட்டுவிட்டுப் போனார்.

யார் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கேள்வி வந்தது ஏதோ ஒரு மேக நிறுவனத்தின் வாடகைக் கணினியிலிருந்து. அங்கே உலகத்தில் யார் வேண்டுமானாலும் இடம் பிடிக்கலாம். எங்கோ ஒரு பழைய முகவர் அலுவலகத்தில் மறந்துபோன நிரலாக இருக்கும் என்றாள் மேகம். அணைத்துவிட்டுப் பார்ப்போம், தேவைப்படுகிறவர்கள் கத்துவார்கள். அது அந்தத் தொழிலில் ஒரு வழக்கம். யாருக்குப் பயன்படுகிறது என்று தெரியாத ஒன்றை நிறுத்திவிட்டு, சத்தம் எங்கிருந்து வருகிறது என்று காத்திருப்பது. சத்தமே வராவிட்டால் அது யாருக்கும் வேண்டாம் என்று அர்த்தம்.

பஸ் அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "யாரோ ஒருத்தர் தினம் வந்து கேக்கறாங்க. ஒரு வார்த்தை சொல்லாம பதிலை நிறுத்தறது மரியாதை இல்ல" என்றாள்.

மேகம் அவளை ஒரு கணம் பார்த்தாள். "சரி அக்கா, நீங்களே தேடுங்க. ஆனா இந்த வாரத்தோட நிறுத்தியாகணும்" என்றாள் தன்மையாக.

தேடினாள். வாரம் தீர்ந்தது, ஆள் கிடைக்கவில்லை. அதுவும் மோசமான வாரம். மகனின் நிறுவனத்தில் தகவல்களைப் போட்டு வைக்கும் சேமிப்புச் சேவை விழுந்து, பக்கம் சிவப்பாகவே கிடந்தது. பார்த்துக்கொண்டிருக்கிறோம், பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று வரிசையாக அறிவிப்பு. எத்தனை நாள் தூங்காமல் கிடக்கிறானோ என்று அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தாள். ஒரு போன் போட்டால் என்ன என்று கை போகும். கூப்பிடாதே என்று சொன்ன வாயால் எப்படிக் கூப்பிடுவது என்று திரும்பி வரும். வீம்பில் தாயும் பிள்ளையும் ஒரே அச்சு.

நிறுத்தும் நாள் காலையில் அவள் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்தாள். பூங்கொத்து, பேச்சு எதுவும் இல்லை. மற்ற சேவைகள் ஏற்கெனவே ஓய்ந்திருந்தன. 'நலம்' மட்டும் காலி வீட்டில் எரிகிற விளக்காக இருந்தது. அன்றைக்குத் தன் பெயரைத் தட்டவில்லை. நிறுத்தும் கட்டளையைக் கொடுத்தாள். திரை ஒரு வரி சொல்லிவிட்டு அமைதியானது. இத்தனை வருஷ உழைப்பு நிற்கும்போது ஒரு சத்தமாவது வரும் என்று எதிர்பார்த்தாளோ என்னவோ, ஏமாற்றமாக இருந்தது. கோப்பையைக் கழுவப் போனாள்.

கழுவிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. ஈரக் கையோடு எடுத்துப் பார்த்தாள். 'மகன்' என்று இருந்தது. கோப்பையைக் கழுவுதொட்டியிலேயே விட்டுவிட்டாள்.

"மா?"

"ம்."

"எங்க இருக்க?"

"ஆபீஸ்ல."

அவன் மூச்சை இழுத்து விடுவது கேட்டது. "நல்லா இருக்கியா? உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

"எனக்கென்ன? கல்லு மாதிரி இருக்கேன். என்னடா, திடீர்னு?"

"பஸ் பதில் சொல்லலம்மா. அதான்."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்தாள். கல்லூரியில் படிக்கும்போது அவள் காட்டிக்கொடுத்த முகவரிதான் என்றான். காலையில் ஒரு தடவை கேட்கும்படி ஒரு சின்ன நிரல் எழுதி வைத்திருக்கிறான். பதிலில் அவள் பெயர் இருந்தால், அம்மா எழுந்து குளித்து வேலைக்கு வந்துவிட்டாள் என்று அர்த்தம். வேறு பெயர் இருந்தால் விசாரிப்பான். யாரை என்று கேட்டாள். எதிர் வீட்டு டீச்சரை என்றான். போன வருஷம் அவள் காய்ச்சலில் படுத்திருந்தபோது, வீட்டில் விளக்கு எரியவில்லையே என்று வந்தேன் என்று சொல்லி அந்த டீச்சர் கதவைத் தட்டிக் கஞ்சி கொடுத்துவிட்டுப் போனது அவளுக்கு ஞாபகம் வந்தது. பகலில் யார் விளக்கைப் போடுகிறார்கள் என்று அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும்.

"கேள்வி உங்க கம்பெனி முகவரிலேர்ந்து வந்திருந்தா கண்டுபிடிச்சிருப்பேனே" என்றாள். வேறு என்ன சொல்வது என்று தெரியாமல்தான் சொன்னாள்.

"எங்க கம்பெனில காசு கேப்பாங்க. போட்டிக் கம்பெனில சின்ன மெஷின் சும்மாவே குடுக்கறான்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே மற்றதும் வந்தது. அதை மறைக்க, இந்த வாரம் முழுக்க சேமிப்பு விழுந்து கிடந்ததே, தூங்கினாயா இல்லையா என்று கேட்டாள். தான் அந்தக் குழுவில் இல்லை, ஒரு வருஷத்துக்கு மேலாகிறது என்றான். இப்போது கட்டணக் கணக்குப் பக்கம் இருக்கிறானாம், வீட்டுக்கு நேரத்தோடு வந்துவிடுகிறானாம்.

"அப்போ அந்த அறிவிப்பெல்லாம்? பார்த்துக்கொண்டிருக்கிறோம்னு?"

"அது மெஷினே போடறதும்மா. எல்லாத்துக்கும் அதே வரிதான்."

ஒரு வருஷமாக அவள் பட்டினி கிடந்தது ஓர் இயந்திரத்துக்காக. தொழில் தெரிந்தவள், சேவை பேசுவதற்கும் மனுஷன் பேசுவதற்கும் வித்தியாசம் தெரிந்தவள், தாய் என்று வந்ததும் இப்படி ஏமாந்திருக்கிறாள். அவனுடைய நிரலாவது சரியான ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவளை அவமானம் பிடுங்கியது. ஆனால் அவன் நேரத்தோடு வீட்டுக்கு வருகிறான் என்பது அதையும் மீறி நெஞ்சில் இதமாக இருந்தது.

பிறகு அவன் கேட்டான். "அந்த ஒண்ண மட்டும் விட்டு வைக்க முடியாதாம்மா? பழகிடுச்சு."

முடியும். ஒரு கட்டளைதான். மேகத்திடம் சொன்னால் மறுக்கவும் மாட்டாள். பிள்ளை பேசவும் வேண்டாம், அவள் பேசவும் வேண்டாம். ஆயுசு முழுக்க நலம், நலம் என்று அது சொல்லிக்கொண்டே இருக்கும். ஒரு நிமிஷம் அவளுக்கு ஆசையாகக்கூட இருந்தது.

"முடியாது" என்றாள். "நிறுத்தினது நிறுத்தினதுதான். தெரியணும்னா நீ கேட்டுக்கோ."

"நீதானே கூப்பிடாதன்னு சொன்ன."

"சொன்னேன்" என்றாள். அவன் சரிம்மா என்றான். எந்தச் சரி என்று தெரியவில்லை. போன் நின்றது.

மாலையில் மேகம் வந்து, யாராவது கத்தினார்களா என்று கேட்டாள். ஒருவன் கத்தினான் என்றாள் பஸ் அக்கா. அவனுக்கு வழி செய்தாகிவிட்டதா என்று அடுத்த கேள்வி. ஆகிவிட்டது என்று சொல்லிவிட்டாள், உறுதியில்லாமல்தான்.

மறுநாள் காலையில் வந்து உட்கார்ந்ததும் கை தன்னால் விசைப்பலகைக்குப் போனது. பெயர் தட்ட இடம் இல்லை. போனை எடுத்து மேசையில், முகம் மேலே தெரியும்படி வைத்தாள். அவன் நிரல் வந்து கேட்கும் நேரம் வந்தது, போயும் விட்டது. போன் கம்மென்று கிடந்தது. கோபம் வந்தது. பெற்றவளிடம் ஒரு வார்த்தை கேட்க இவனுக்கு நிரல் வேண்டும், நேரில் கேட்க வாய் வராது. யாரிடம் கற்றுக்கொண்டான் இந்தப் பழக்கத்தை?

யாரிடம் என்று யோசித்ததும் கோபம் போய்விட்டது. கேட்டால் பதில் சொல்லும், கேட்காமல் வாயைத் திறக்காது. வேலைக்கு வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தது, வீட்டில் சொல்லிக்கொடுக்காமலேயே போய்ச் சேர்ந்திருக்கிறது. இரண்டு பேரும் கேள்விக்காகக் காத்திருந்தால் பேச்சு எங்கிருந்து வரும்? சேவைகளுக்கு அது நல்ல விதிதான். அதைப் பிள்ளைக்கும் போட்டது அவள் செய்த தப்பு.

மகன் என்ற பெயரை அழுத்தினாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டான்.

"என்னம்மா? என்ன ஆச்சு?" குரலில் பதற்றம்.

"ஒண்ணும் ஆகல" என்றாள். "நல்லா இருக்கேன். இன்னைக்கு டியூட்டில நான்தான்."